கதவுக்குள் தேயிலை

தலையில் பத்து முடிகூட இல்லாத மனிதனுக்கு முடி உலர்த்தும் கருவி எதற்கு?

திலகா அதைக் கையில் பிடித்தபடி காரின் பின்கதவருகே நின்றாள். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில், பழைய துண்டில் சுற்றி, கண்ணில் படாதபடி செருகி வைத்திருந்தார் அவள் கணவர் ஜெகதீஸ்வரன். இளஞ்சிவப்பு நிறம். அதன் வாயில் நீளமான முடி ஒன்று சுற்றிக் கிடந்தது. செம்பட்டைச் சாயம் ஏற்றிய முடி. திலகாவின் தலையில் சாயம் ஏறி ஒரு மாமாங்கம் ஆகிறது.

யாருடைய முடி இது? எவள் தலை காய்கிறது இந்தக் காரில்?

கத்தவில்லை. அழவுமில்லை. எப்படி இருந்ததோ அப்படியே துண்டில் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்தாள். பார்த்துவிட்டேன் என்று காட்டிக்கொண்டால் அவர் இன்னும் ஆழமாக ஒளித்துவிடுவார். இருக்கட்டும்.

ஜெகதீஸ்வரனுக்கு ஐம்பத்து நான்கு வயது. பிரிஞ்சாங் ஊருக்கு மேலே மலையில் உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே வேலைக்குப் போனவர். இருபத்து மூன்று வயதில் தொழிற்சாலையில் இலை உருட்டும் இயந்திரத்தின் முன் நிறுத்தினார்கள். முப்பத்தொரு வருடங்களாக அதே இயந்திரம். இலை பதமாகிவிட்டதா என்பதைத் தொட்டுப் பார்க்காமல், புரளும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார் என்று தொழிற்சாலையில் பேர் இருந்தது. குடிப்பதில்லை. நாலு நம்பர் லாட்டரி எழுதுவதில்லை. கோயில் அன்னதானத்தில் எல்லாரும் பந்தியில் உட்காரும்போது இவர் பின்னால் அண்டா கழுவிக்கொண்டிருப்பார். கங்காணியிடமோ கணக்கெழுதும் கிராணியிடமோ ஒருநாள்கூடப் பேச்சு வாங்கியதில்லை.

அதுதான் திலகாவைக் கலக்கியது. ஒளிக்கத் தெரியாத மனிதர் முதல்முறையாக எதையோ ஒளிக்கிறார்.

மூன்று வாரங்களாகவே எதுவும் சரியில்லை. இரண்டு மணிக்கு வேலை முடியும். அவர் வீட்டுக்கு வரும்போது ஆறு. நேரே காரை ஓட்டிக்கொண்டு பழைய உரக்கொட்டகைக்குப் போய்விடுகிறார். முதலில் வீட்டிலிருந்த சப்பாத்திக் கட்டை காணாமல் போனது. திரும்பி வந்தபோது அதில் கறுப்பாகத் தார் அப்பியிருந்தது. பிறகு மகள் தனுஜா விட்டுப்போன உடற்பயிற்சிப் பாய். பிறகு திலகா பூத்தையல் போட்டு வைத்திருந்த நான்கு தலையணை உறைகள்.

தலையணை உறை! காருக்குள் எதற்குத் தலையணை?

இதையெல்லாம்கூட அவள் பொறுத்திருப்பாள். ஆனால் இரண்டு மாதத்துக்கு முன் நடந்தது ஒன்று நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. கணவரைப் பயமுறுத்த வேண்டாமென்று, வழக்கமான ரத்த அழுத்தச் சோதனை என்று சொல்லி ஈப்போ மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். ஈப்போவில் வேலை பார்க்கும் தனுஜா உள்ளே துணைக்கு வந்தாள். அவர் காரிலேயே இருந்தார். திரும்பி வரும் வழியில், கம்போங் ராஜா ஊரைத் தாண்டியதும், அவளால் அடக்க முடியவில்லை.

"மாருல கட்டி இருக்குங்க. ஊசி போட்டுச் சதை எடுத்திருக்காங்க. என்ன வருமோ தெரியல. எனக்குப் பயமா இருக்கு."

சாலையைப் பார்த்தபடியே, "உம்" என்றார் ஜெகதீஸ்வரன். கியரை மாற்றினார். அவ்வளவுதான்.

முப்பது வருடம் குடும்பம் நடத்தியவளின் உயிர் ஓர் "உம்"முக்கு மேல் பெறாதா? பத்து நாள் கழித்து, அது சாதாரணக் கட்டிதான் என்று முடிவு வந்தது. அந்த நல்ல செய்தியை அவரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அன்றைக்கே இவர் மனம் வேறெங்கோ போய்விட்டது என்று முடிவு கட்டியிருந்தாள். இன்று அதற்குச் சாட்சியாக ஒரு முடியும் கிடைத்துவிட்டது.

மறுநாள் மலையில் கொழுந்து பறிக்கும்போது மணியம்மா மெல்லப் பக்கத்தில் வந்தாள். லயத்தில், தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், அடுத்த வீட்டுக்காரி.

"ஏன்டி திலகா, உன் வீட்டுக்காரர் காடிய கவனிச்சியா? முன்னெல்லாம் கோயில் வளைவுல வரப்பவே டின்ன உருட்டுற மாதிரி கேக்கும். நேத்து என் முதுகுக்குப் பின்னால வந்து நிக்குது, பேய் மாதிரி லா! ஒரு சத்தம் இல்ல."

"எனக்கென்னக்கா தெரியும்?"

"எங்க வீட்டு ஆளு கொட்டகைப் பக்கம் எட்டிப் பாத்தாராம். சீட்டெல்லாம் கழட்டிப் போட்டு, உள்ளாற தாரு பட்டை ஒட்டிக்கிட்டு இருந்தாராம். என்னண்ணே இதுன்னு கேட்டா, 'சத்தத்த அடைக்கிறேன்'னாராம்."

"என்ன சத்தத்த?"

மணியம்மா கூடையை இறக்கி வைத்தாள். குரலையும் இறக்கினாள். "அதத்தான் நானும் கேக்குறேன். உள்ள பேசுறது வெளிய கேக்கக் கூடாதுன்னு யாருடி நெனப்பா? கட்டுன பெண்டாட்டிகிட்ட பேசவா இவ்ளோ மூடாக்கு?"

அன்று மாலை திலகா தோட்டத்து வாசலுக்குப் போனாள். அங்கே ஜாகாவாகக் காவல் நிற்பவன் கந்தன். வாசலைத் தாண்டும் எல்லா வண்டியும் அவன் கண்ணில் பட்டுத்தான் போக வேண்டும்.

"தம்பி, அண்ணன் காடிய ஒரு நாளு நல்லா சோதிச்சுப் பாரேன். உள்ள என்ன ஒளிச்சு வெச்சிருக்காருன்னு எனக்குத் தெரியணும்."

கந்தன் கண்ணைச் சுருக்கினான். "நெசமாவாக்கா சொல்றீங்க?"

"நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத."

ஒரு சேலை கிடைக்கும், ஒரு பொட்டு அட்டை கிடைக்கும் என்று அவள் நினைத்தாள். கந்தன் நினைத்தது வேறு. அந்த மாதம் பொட்டலம் கட்டும் அறையில் தேயிலை குறைகிறது என்று தொழிற்சாலை முழுக்கப் பேச்சு. அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு சிட்டிகைத் தூள் வாசலைத் தாண்டினாலும் வேலை போய்விடும். வேலை போனால் லயத்து வீடும் போகும்.

சனிக்கிழமை இரண்டரை மணி. கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்த பெண்கள் வாசலருகே நின்றிருந்தார்கள். ஜெகதீஸ்வரனின் கார் பூனைபோல வந்து நின்றது.

"அண்ணே, கொஞ்சம் எறங்குங்க."

கந்தன் விரலை மடக்கிக் கதவைத் தட்டினான். அந்தப் பழைய கார்க் கதவைத் தட்டினால் டின் டப்பாவாய்க் கணீரென்று கேட்க வேண்டும். கேட்டது 'தொப்' என்று. நெல் மூட்டையைத் தட்டியதுபோல.

"என்னண்ணே உள்ள?"

"ஒண்ணும் இல்லப்பா."

"ஒண்ணும் இல்லாததுக்கா இப்படிக் கனக்குது?"

கந்தன் திருப்புளியை எடுத்தான். கதவின் உள்பலகை கழன்றது. கையை விட்டு இழுத்தான். வாய் தைத்த தலையணை உறை ஒன்று வந்தது. திலகா பூத்தையல் போட்ட உறை. மூலையைக் கிழித்தான். கரும்பழுப்பாகத் தேயிலை கொட்டியது.

கூட்டம் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டது. மணியம்மா நெஞ்சில் கை வைத்தாள். "அட பாவி மனுசா! நம்ம வாயில மண்ணு போடவா?"

 திலகா தேடியது பெண்ணை, கிடைத்தது திருட்டு. காரை வாசலில் நிறுத்த வைத்தவள் அவளே. இனி வேலை இல்லை, வீடு இல்லை. பெட்டி படுக்கையோடு எங்கே போய் நிற்பது? ஜெகதீஸ்வரன் தலை குனிந்தபடி நின்றார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படியென்றால் உண்மையா?

தகவல் போய், தொழிற்சாலைக் கிராணி ராதாகிருஷ்ணன் வந்தார். குனிந்து ஒரு பிடி அள்ளினார். ஈரமாக இருந்தது. முகர்ந்து முகத்தைச் சுளித்தார். பூஞ்சணம் பிடித்துப் புளித்த வாடை. கந்தனின் குவளைத் தண்ணீரில் தூவினார். அத்தனையும் நுரைபோல மேலேயே மிதந்தது.

"தூளுன்னா முங்கும். இது பஞ்சுய்யா. சலிக்கிற ரூம்ல பறந்து தரையில படியுற பஞ்சு. கூட்டி அள்ளி, காய்கறித் தோட்டத்துக்கு உரமா அனுப்புறது." நிமிர்ந்து ஜெகதீஸ்வரனைப் பார்த்தார். "ஜெகாண்ணே, குப்பையா இருந்தாலும் சீட்டு இல்லாம எடுத்தது தப்பு. மேனேஜர் துரைகிட்ட நான் என்ன எழுதட்டும்? எதுக்கு எடுத்தீங்க?"

ஜெகதீஸ்வரன் அவர் வாயையே பார்த்தபடி நின்றார். பின்னால் தொழிற்சாலை இரைந்துகொண்டிருந்தது.

"எதுக்குன்னு கேக்குறேன்!"

திலகாவால் அதற்கு மேல் முடியவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். காருக்குள் கையை விட்டு, துண்டை உதறி, இளஞ்சிவப்புக் கருவியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அவருக்கு வாய் வராது கிராணி ஐயா, நான் கேக்குறேன். யாருங்க அவ? யாரு முடி இது? யாருகூட பேசறதுக்கு இந்தப் பெட்டிய அடைச்சீங்க?"

ஜெகதீஸ்வரன் அந்த முடியைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"உன்கூட பேசறதுக்குத்தான் திலகா."

திலகா நீட்டிய கையைத் தாழ்த்தினாள்.

"எனக்குக் காது போச்சு. வீட்டுல கேக்குது. அமைதியா இருந்தா எல்லாம் கேக்குது. மெசினு, காடி, கடைத்தெருவு, இங்கெல்லாம் மனுசன் பேசுறது ஒண்ணும் புடிபடல. ரெண்டு வருசமா வாயைப் பாத்துக்கிட்டு 'உம்' கொட்டிக்கிட்டு இருக்கேன். காடி ஓட்டுறப்ப வாயையும் பாக்க முடியாது." கிராணியின் பக்கம் திரும்பினார். "செவிடுன்னு தெரிஞ்சா மெசினுலேர்ந்து எடுத்துருவீங்கன்னு மறைச்சேன் ஐயா."

"அதுக்கு எதுக்குண்ணே தேயிலைப் பஞ்சு?"

"தனுஜா போன் பண்ணுச்சு. 'அப்பா, நல்ல சேதி, அம்மாவுக்கு அது வெறும் கட்டிதான்'னு. என்ன கட்டின்னு கேட்டேன். புள்ள அழுதுருச்சு. 'அம்மா அன்னிக்கே காடில உங்ககிட்ட சொன்னாங்களேப்பா, நீங்க உம்முன்னீங்களாமே'ன்னு…" கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவ உயிர் பயத்தச் சொல்லியிருக்கா. நான் உம்முன்னிருக்கேன்."

காதுக் கருவி வாங்கும் வசதி அவருக்கு இல்லை. காதில் மாட்டினால் ஊருக்கும் தெரிந்துவிடும். அதனால், அம்மாவிடம் சொல்லாதே என்று மகளைத் தடுத்துவிட்டு, காதுக்குப் பதில் காரைத் திருத்த முனைந்தார். கைப்பேசிப் படத்தில் பார்த்தபடி, கூரை ஒழுக்குக்கு ஒட்டும் தார்ப்பட்டையை வாங்கிக் கதவுத் தகரத்தில் ஒட்டினார். சப்பாத்திக் கட்டையால் உருட்டி அழுத்தினார். மலைக் குளிரில் தார் இளகவில்லை. ஒட்டிய இடத்திலிருந்து உரிந்து விழுந்தது. பிரிஞ்சாங்கில் முடி திருத்தும் சீனப் பெண்ணிடம் கழித்துப்போட்ட உலர்த்தியைக் கேட்டு வாங்கி, சூடுகாட்டி ஒட்டினார். கார் தரைக்கு மகளின் பாய். கதவின் உள்ளே நிரப்பக் கடையில் விற்கும் பஞ்சு விலை கட்டவில்லை. காலடியில் தினமும் புரளும் பஞ்சு சும்மாதானே கிடக்கிறது என்று அள்ளித் தைத்தார்.

ராதாகிருஷ்ணன் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "முப்பத்தொரு வருசம் தேயிலைல நிக்கிற மனுசன், அது காத்துல இருக்குற ஈரத்தைக் குடிக்கும்னு தெரியாதாண்ணே? இந்த மலையில, மழை ஒழுகுற கதவுக்குள்ள போய் அதை வெக்கலாமா?"

"அவ பேசுறது கேக்கணும்னு மட்டும்தான் ஐயா நெனச்சேன்."

கந்தன் திருப்புளியைப் பின்னால் மறைத்துக்கொண்டான். மணியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சற்றுமுன் மண்ணைப் பற்றிப் பேசியவளும் அவள்தான்.

துரை வேலையை எடுக்கவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. காதுச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஜெகதீஸ்வரன் பயந்தபடியே இயந்திரத்திலிருந்து அவரை எடுத்து, கொழுந்து நிறுக்கும் இடத்தில் போட்டார்கள். முதல் நாள் அவர் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றதைத் திலகா தூரத்திலிருந்து பார்த்தாள். அவளுக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

ஏனென்றால், வீட்டில் இப்போது ஒளிக்கிற ஆள் அவள்தான். வாசலில் காரை நிறுத்தச் சொன்னது யார் என்று அவர் கேட்கவில்லை. கந்தனும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் மணியம்மா சிரித்தால்கூட, இவளுக்குத் தெரிந்திருக்குமோ என்று திலகாவுக்குத் தோன்றியது. அவர் தண்ணீர் கேட்டால், குரலில் ஏதோ இருக்கிறதோ என்று உற்றுக் கேட்டாள்.

இரண்டு வாரம் கழித்து, மருத்துவமனையில் மறுசோதனைக்கு ஈப்போவுக்குப் புறப்பட்டார்கள். புளித்த பஞ்சை எடுத்துக் குழி தோண்டிப் புதைத்தாகிவிட்டது. கதவுக்குள் இப்போது தார்ப்பட்டையும் பாயின் மிச்சமும்தான். கம்போங் ராஜா தாண்டியது. காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் ஒன்றன்பின் ஒன்றாக நழுவின. காருக்குள் அமைதி. அந்த அமைதியில் அவளுடைய மூச்சே அவளைக் காட்டிக்கொடுப்பதுபோல இருந்தது.

"கந்தன்கிட்ட சொன்னது நான்தாங்க," என்றாள் வெளியே பார்த்தபடி. "உங்கள சந்தேகப்பட்டு, காடிய சோதிக்கச் சொன்னேன். என்னாலதான் உங்க மெசினு போச்சு."

அவர் சாலையைப் பார்த்தபடியே ஓட்டினார். ஒரு வளைவு போனது. இரண்டாவது வளைவும் போனது. கேட்கவில்லை போலிருக்கிறது. அவளுக்குள் நிம்மதி ஒன்று எழுந்தது. அதற்கு மேலாக ஓர் அழுகையும் எழுந்தது.

ஜெகதீஸ்வரன் காரை ஓரமாக நிறுத்தினார். இரண்டு கையாலும் ஸ்டீயரிங் வளையத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நீயா?"

அவள் தலையசைத்தாள்.

"முப்பது வருசம் என்கூட இருந்துட்டு, ஒரு முடிய பாத்ததும் ஜாகாகிட்ட போயிருக்க? என் மூஞ்சிய பாத்து ஒரு வார்த்த கேக்க மாட்டியா? அந்த மணியம்மா பேச்சைக் கேட்டு ஆடுவியா? ஊரு பூரா பாக்க கதவைக் கழட்டினான்! எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

அவர் இப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை. திலகாவின் கண்ணீர் தாடையில் சொட்டியது. அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும், ஒன்றுகூடத் தவறாமல், அவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

"என்ன அழுவுற? திட்டுறேன்ல?"

"திட்டுங்க," என்றாள் அவள், மூக்கை உறிஞ்சியபடி. "நீங்க திட்டிக்கிட்டே ஓட்டுங்க. நேரமாவுது."

அவர் வண்டியை எடுத்தார். மலை இறங்கி முடியும்வரை திட்டிக்கொண்டே ஓட்டினார். அவளும் இடையிடையே பதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.