கொம்ஃப்றிக் கஞ்சி

ஹரோவில் மெற்றில்டாவின் வீட்டுப் பின்வளவில் கொம்ஃப்றிச் செடி மறுபடியும் பூத்துவிட்டது. ஆறு வருடங்களாகக் கிண்டி எறிகிறாள். விரல்நுனியளவு வேர் மண்ணில் தங்கினாலே போதும், சனியன் முளைத்துவிடும். அதுவும் அருளப்பு வெயில் காய்ந்த கதிரையடியில்தான் முதலில் முளைக்கும்.

அருளப்பு அவள் கணவர். ஏணியிலிருந்து விழுந்து அவர் கை முறிந்தபோது பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி தந்த செடி அது. இலையை அரைத்துப் பூசினால் எலும்பு பொருந்தும் என்றாள். பூசியதும் வீக்கம் வடிந்தது. வெளியே பூசியே இவ்வளவு குணமென்றால், உள்ளே போனால்? மெற்றில்டா மூன்று மாதம் காலைதோறும் அந்த இலையில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். அவருக்கு ஈரல் பழுதானது. மூலிகை ஏதும் குடித்தாரா என்று டொக்டர் கேட்டார். அந்தக் கேள்வியிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. இல்லை என்றாள். அந்த மாதமே அவர் இறந்துபோனார்.

இன்று செபமாலைக்கு வந்த ரெஜினா ஓர் இலையைக் கிள்ளினாள்.

"முழங்கால் உளையுது, அக்கா. இதைக் கஞ்சிக்கும் போடலாமோ?"

மெற்றில்டா இலையைப் பிடுங்கி எறிந்தாள்.

"அவருக்கு நான் இதைத்தான் காய்ச்சிக் குடுத்தனான், ரெஜினா. ஒருநாளும் வேண்டாமெண்டு சொல்லேல்லை. கோப்பையை வழிச்சுக் குடிச்சவர்."