கால் பங்கு

கார்லீன் ஸ்டப்ஸை எனக்குப் பிடிக்காது. மேரிபரோ ஊரில் பத்தொன்பது வருடமாக அடுத்த வீட்டுக்காரி, பத்தொன்பது வருடமும் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடக் கேன்டீனை முப்பது வருடம் ஆட்டிவைத்தவள். ஒரு கேக்கைக் கொடுத்தால் நாற்பது பிள்ளைகளுக்கு நூல் பிடித்தாற்போல வெட்டித் தருவாள். எதையும் பங்கு பிரிக்கத் தனக்கு மிஞ்சி ஆளில்லை என்ற திமிர் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை.

போன வருடம் ஜனவரியில் அவளுடைய பூனை டச்சஸ் வெட்டி வெட்டி இழுத்துச் செத்தது. என் கீரைப் பாத்தியில் நத்தைக்குத் தூவிய மருந்தைத் தின்றுதான் செத்தது என்று கார்லீன் முடிவுகட்டினாள். வேலியில், என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே, ஒரு பலகையைத் திருகி வைத்தாள்: 'இந்த வீட்டில் பூனைக்கு விஷம் வைப்பார்கள்.' ஒரு வருடம் அதைப் பார்த்துக்கொண்டே பாத்திரம் கழுவினேன். அதைவிட மோசம், அவள் சொல்வது உண்மையாக இருக்குமோ என்று எனக்கே இருந்த சந்தேகம். மருந்தைத் தூவியது நான்தானே.

எங்கள் ஊரில் ஜனவரிதான் கோடை. இந்த ஜனவரியில் மழையும் புழுக்கமும் சேர்ந்து தெள்ளுப்பூச்சி பொங்கியது. அவள் வீடு மரக்கால்களில் நிற்கிற வீடு. அடியில் இருக்கிற மணலில்தான் அவளுடைய நாய் மர்ஃபி நாள் முழுக்கப் புரளும். பூச்சி பெருகியது அங்கே. பழி மட்டும் என் பூனை பிக்கிள் மேல்.

"உன் பூனைதான் கொண்டாந்து கொட்டுது, லொரெய்ன். பாரு, கணுக்கால் பூரா கடி. மருந்து போடத் துப்பில்லன்னா எதுக்குப் பூனை வளக்குற?"

"முதல்ல உன் நாயைக் குளிப்பாட்டு. வாடை என் கட்டில் வரைக்கும் வருது."

அதற்கு மறுநாள் காலை பிக்கிள் வேலி தாண்டித் தள்ளாடி வந்தான். காது துடித்தது. சமையலறைத் தரையில் விழுந்து கால்களை உதற ஆரம்பித்தான். பிடரியில் எண்ணெய்ப் பிசுக்கு. கால்நடை மருத்துவமனைக்குப் போன் போட்டேன்.

"என்ன பட்டுச்சுன்னு தெரிஞ்சா சீக்கிரம் காப்பாத்தலாம். கேட்டுட்டு உடனே கொண்டு வாங்க" என்றார் டாக்டர்.

அவனைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு கார்லீன் வாசலுக்கு ஓடினேன்.

"என்னத்தடி போட்ட இவனுக்கு?"

"கத்தாத. மர்ஃபிக்கு உண்ணிக்கும் பூச்சிக்கும் போடுற சொட்டு மருந்துதான். கால் பங்கு. நீ செய்ய மாட்ட, நான் செஞ்சேன். நன்றி சொல்லிட்டுப் போ."

"நாய் மருந்தையா?"

"பூனைக்குன்னு தனியா விக்கிறதெல்லாம் ஏமாத்து வேலை. மருந்து ஒண்ணுதான், அளவுதான் வேற. டச்சஸுக்கும் இதே கால் பங்குதான் போட்டேன்."

"எப்ப?"

"அவ சாகறதுக்கு மொத நாளு..."

துண்டுக்குள் உதறிக்கொண்டிருந்த கால்களையே பார்த்தாள். அந்த உதறலை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். நான் கேட்காமலே உள்ளே ஓடி அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தாள். அதன் பின்பக்கத்தில் ஒரு பூனைப் படம், அதன் மேல் சிவப்புப் பெருக்கல் குறி.

டாக்டர் பெட்டியைப் பார்த்ததுமே பிக்கிளுக்கு ஊசி போட்டார். உதறல் கொஞ்சம் அடங்கியதும் பாத்திர சோப்பு போட்டுக் கழுவினார். "நாய்க்கு ஒண்ணும் செய்யாது. பூனைக்கு ஒரு சொட்டு கூட ஆகாது. இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தா போயிருப்பான்." இரண்டு நாள் அங்கேயே வைத்திருந்து அனுப்பினார்.

பிக்கிளைக் கூடையில் தூக்கி வந்தபோது கார்லீன் வேலியோரம் நின்றிருந்தாள். ஒரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"டச்சஸை நான் கொல்லல. நீதான் கொன்ன. அளந்து அளந்து கொன்ன."

சொன்னபோது நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அவள் கூடைக்குள் பிக்கிளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அவளுக்கு ரொம்ப வலிச்சிருக்குமா, லொரெய்ன்?"

மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம் பிக்கிள் போட்ட சத்தம் என் காதிலேயே இருந்தது.

"இல்ல" என்றேன்.

தலையாட்டினாள். கையில் வைத்திருந்த திருப்புளியால் பலகையைக் கழற்ற ஆரம்பித்தாள். திருகெல்லாம் துருப்பிடித்திருந்தது, கழற்ற வெகு நேரமானது. நான் உதவிக்குப் போகவில்லை.