வராமலே வந்த திருத்தம்

ஆபீஸில் இவரைப் பழசு என்பார்கள். காரணம் வயது அல்ல, வேலை. புதிய சாஃப்ட்வேர் வாங்க மனமில்லாத வாடிக்கையாளர்களுக்காகப் பழைய பதிப்பு ஒன்று தனிக் கிளையாக ஓடிக்கொண்டிருக்கிறது. புதியதில் செய்த திருத்தத்தை எடுத்து, வெட்டிச் செதுக்கிப் பழையதில் பொருத்துவது இவர் பிழைப்பு. மற்றவர்கள் கக்கிவிட்டுப் போவார்கள், இவர் துடைப்பார்.

எந்தப் பதிப்பில் என்ன மாறியது என்று சொல்ல மாற்றக் குறிப்பு என்று ஒன்று உண்டு. அதில் 'சில சிறு மேம்பாடுகள்' என்று யாராவது எழுதியிருந்தால் இவருக்குக் குமட்டும். தினமும் குமட்டியது.

இவர் மனைவி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரிப்போர்ட் அச்சிட்டுக் கொடுப்பவர். அங்கேயும் அதே பழைய பதிப்புதான். ஒருநாள் ஒருவருடைய ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் இன்னொருவருடைய சர்க்கரை அளவு வந்துவிட்டது. மறுபடி அச்சிட்டபோது ஒழுங்காக வந்து தொலைத்தது. கூடத்தின் முதலாளி சாஃப்ட்வேரோடு வந்த மாற்றக் குறிப்பை நீட்டினார்: 'இரண்டாம் பக்கம் மாறும் பிழை சரிசெய்யப்பட்டது.' ஆக, சாஃப்ட்வேர் யோக்கியம். தாளை மாற்றிச் செருகியது இந்த அம்மாதான். வெள்ளிக்கிழமைக்குள் இல்லையென்று நிரூபிக்காவிட்டால் வேலை போய்விடும்.

"உங்க ஆபீஸ்ல எழுதினதுதானே? பொய்யா எழுதுவாங்க?" என்றார் மனைவி.

"பொய் எழுதவும் கொஞ்சம் மூளை வேணுமே."

மறுநாள் ஆபீஸில் இவர் பழைய பதிப்பின் கிளையைத் திறந்து பார்த்தார். போன மாதம் இவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது டீம் லீடர் புதியதைப் பழையதோடு இணைத்திருந்தார். ஒரே இடத்துக்குப் பழைய நிரல் வரியும் புதிய நிரல் வரியும் போட்டியிட்டு மோதியிருக்கின்றன; எது வேண்டுமென்று கணினி கேட்டிருக்கிறது. யோசிக்கச் சோம்பல்பட்டு, 'பழையதே இருக்கட்டும்' என்று அழுத்திவிட்டார். குறிப்புகள் மோதியபோது மட்டும் தாராள மனசு: இரண்டையும் வைத்துக்கொண்டார். திருத்தம் வரவில்லை, வந்துவிட்டதாகச் செய்தி மட்டும் வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது. சொத்தைப் பல்லை அப்படியே விட்டு மேலே பளபளவென்று உறை போட்ட வைத்தியம்.

"சார், குறிப்பு வந்திருக்கு. திருத்தம் எங்க?"

"அந்த வரியத் தூக்கிடு பழசு. யாருக்குத் தெரியப்போகுது?"

"அந்த வரியக் காட்டித்தான் என் வீட்டுக்காரிய வேலைய விட்டு அனுப்பப் பாக்குறாங்க."

"அப்போ சத்தமில்லாம சரிபண்ணிடு. வரியும் உண்மையாயிடும்ல."

"ஆயிடும். அவ மட்டும் பொய்யாயிடுவா."

டீம் லீடர் சாப்பிடப் போனார். இப்படிப்பட்டவர்களுக்குப் பசி மட்டும் தவறுவதே இல்லை. அவர் கை கழுவித் திரும்புவதற்குள் இவர் திருத்தத்தைப் பொருத்தி, சோதித்து, பழைய வரியைத் தொடாமல் அதற்கு மேலே புதிதாக எழுதி வெளியிட்டுவிட்டார்: 'இரண்டாம் பக்கப் பிழை சரிசெய்யப்பட்டதாக முந்தைய பதிப்பில் எழுதியது தவறு. இந்தப் பதிப்பில்தான் சரிசெய்யப்பட்டுள்ளது.'

வெள்ளிக்கிழமை மனைவி அதை அச்சிட்டு முதலாளியின் மேசையில் வைத்தார். சாயங்காலம் வீடு திரும்பியதும் செருப்பைக் கழற்றி எறிந்தார்.

"வேலை?"

"இருக்கு."

"மன்னிப்பு கேட்டாரா?"

"அவரா? இனிமே ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் ரெண்டு பக்கமும் நானே ஒப்பிட்டுப் பாத்துக் கையெழுத்துப் போடணுமாம். வேற ஒண்ணும் இல்ல, சில சிறு மேம்பாடுகள்."