இலவசப் பாட்டும் நான் அழித்த பெயர்களும்

கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். பதிந்ததை யாரும் தவறுதலாக அழித்துவிடக் கூடாது என்று நினைப்பவர்கள் அதை உடைத்துவிடுவார்கள். உடைத்த பிறகும் அழிக்க ஒரு வழி உண்டு. அந்த ஓட்டையின் மேல் செலோடேப் ஒட்டிவிட்டால் மிஷின் ஏமாந்துபோகும். என் அலமாரியில் உள்ள ஒரு கேசட்டில் அப்படி ஒட்டிய செலோடேப் பழுப்பேறி, ஓரம் சுருண்டு கிடக்கிறது. ஒட்டியவன் நான்தான்.

என் மகளுக்கு இருபத்திரண்டு வயது. இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய பாடல்களைத் தேடிக் கேட்டு, பிடித்தவற்றைப் பற்றி நான்கு வரி எழுதிப் பரிந்துரைப்பது அவள் பொழுதுபோக்கு. பெரிய கம்பெனிகளின் பாடல்கள் அல்ல. இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து தாங்களே பதிந்து, தாங்களே வெளியிடுகிற பாடல்கள். இது தெரிந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. பிள்ளை ஏதாவது வழக்கில் மாட்டிக்கொள்வாளோ, வேலைக்கு ஆபத்து வருமோ என்று யோசித்து யோசித்து, ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டேவிட்டேன். "அடுத்தவன் உழைப்பை ஓசியில எடுத்துக் குடுக்கிறியே, இது திருட்டு இல்லையா?" அவள் கோபப்படவில்லை. "பாடுனவங்களே எடுத்துக்குங்கன்னு எழுதிக் குடுத்திருக்காங்கப்பா. எல்லாம் சட்டப்படிதான்லா. ஒரே ஒரு கண்டிஷன். அவங்க பேரை எடுக்கக்கூடாது. அவ்வளவுதான்." அதே நிபந்தனையை ஒருவர் என்னிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது.

அவர் மலேசியாவில் எங்கள் ரப்பர் தோட்டத்து டிரெஸ்ஸர். தோட்ட ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுவதும் மாத்திரை கொடுப்பதும் அவர் வேலை. வயதில் வெகுவாக மூத்தவரானாலும் எல்லோரும் அவரை அண்ணன் என்றே கூப்பிடுவோம். பாட்டு எழுதுவார், ஆர்மோனியம் வாசிப்பார். சாயங்காலம் தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனதும், காலியாகிவிட்ட ஆயாக்கொட்டகையில் தன் ஆட்களை உட்காரவைத்துப் பதிவுசெய்வார். கங்காணி மகன் தபேலா, ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி புல்புல்தாரா. பாடுவது தொழிலாளர் வரிசை வீடுகளில் இரண்டாம் நம்பர் லயத்து அக்கா. விடியுமுன் பால்மரம் சீவப் போகிறவர். தகரக் கூரையில் மழை விழுந்தால் பதிவை நிறுத்த வேண்டும். சேவலை யாராலும் நிறுத்த முடியவில்லை. மூன்றாவது பாட்டில் சரியாகத் தாளத்துக்கு நடுவே ஒன்று கூவும்.

நான் அப்போது ஈப்போ டவுனில் ஒரு கேசட் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மருந்து எடுக்க மாதம் ஒருமுறை டவுனுக்கு வரும் டிரெஸ்ஸர் அண்ணன், தன் கேசட்டைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். அழியக் கூடாது என்று பிளாஸ்டிக் துண்டுகளை அவரே உடைத்திருந்தார். "யாரு காலி கேசட் கொண்டுவந்தாலும் சும்மா பதிஞ்சு குடு தம்பி. நாலு பேரு கேக்கணும், அதுக்குத்தான பாடுறது. மொதல்ல பேரெல்லாம் சொல்லியிருக்கேன். அதை மட்டும் விட்டுடாத." பாட்டு தொடங்குமுன் இரண்டு நிமிடம் அவர் குரல் வரும். இன்ன தோட்டம், இன்னார் வாசிப்பு, இன்னார் பாட்டு என்று ஒவ்வொரு பெயரையும் தகப்பன் பெயரோடு நிறுத்தி நிதானமாகச் சொல்வார்.

வாடிக்கையாளருக்கு நல்ல பாட்டாகப் பார்த்துச் சொல்வதுதான் கடையில் என் கெட்டிக்காரத்தனம். இந்தக் கேசட்டையும் சொன்னேன். முதலில் உண்மையைத்தான் சொன்னேன். எங்கள் கடைக்கு வாராவாரம் வரும் ஒரு டீச்சர் இருந்தார். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம், சங்கீதம் தெரிந்தவர். "இங்க ஒரு எஸ்டேட்ல பாடுனது டீச்சர், இலவசம்" என்றேன். இரண்டு நிமிடம் பெயர்களைக் கேட்டுவிட்டு, "தோட்டத்து ஆக்களோ? வேண்டாம் தம்பி, வேற காட்டும்" என்றார். பாட்டு வரும்வரை அவர் பொறுக்கவில்லை. அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. தோட்டத்திலிருந்து வந்து டவுனில் குடியேறியவர்களே அந்தத் தோட்டத்துப் பெயரைக் கேட்டதும் சிரித்தார்கள். "நம்ம ஆளு பாடுறதை காசு குடுக்காமலே கேக்கலாமே மச்சான், லயத்துல உக்காந்தா போதும்" என்று ஒருவன் கிண்டலடித்தான். தலை முழுக்க எண்ணெய் தடவி, முழுக்கைச் சட்டை போட்டு, டவுன்காரனாகிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அந்தச் சிரிப்பு என்மேல் விழுந்ததாகவே பட்டது.

ஒரு மத்தியானம் கடையில் ஆள் இல்லாதபோது செலோடேப்பை ஒட்டினேன். அந்த இரண்டு நிமிடத்தை அழித்தேன். கேசட் அட்டையில் 'மெட்ராஸ் புதுக் குரல்' என்று எழுதினேன். அடுத்த வாரம் டீச்சர் வந்தபோது போட்டுக் காட்டினேன். பாட்டு முடியும்வரை நின்றே கேட்டார். மழை பெய்தால் கூலி இல்லை, பெய்யாவிட்டால் தூக்கம் இல்லை என்று மழையோடு வழக்காடும் ஒரு பெண்ணின் பாட்டு. "எப்படிப் பாடுறா பாரும்! மெட்ராஸ்காரர் மெட்ராஸ்காரர்தான்" என்றார். அன்றிலிருந்து காலி கேசட்டோடு வருகிறவர்கள் பெருகினார்கள். பாட்டு பரவியது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

டீச்சர் வீட்டுக் கல்யாணத்தில் ஒலிபெருக்கியில் பாட்டுப் போடும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். இந்தக் கேசட்டைத்தான் போடச் சொன்னார். சமையலுக்குக் காய் வெட்ட எங்கள் தோட்டத்துப் பெண்கள் லாரியில் வந்திருந்தது எனக்குத் தெரியாது. இரண்டாவது பாட்டு பாதியில் ஓடும்போது, பூசணி விதை ஒட்டிய கையோடு மண்டபத்துக்குள் அக்கா ஓடிவந்தார். முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"என் பாட்டுலா இது! டிரெஸ்ஸர் அண்ணன் பதிஞ்சது!"

பின்னாலேயே வந்த சமையல்காரர், "ஆமா, நேத்துதான் மெட்ராஸ்லேருந்து வந்து எறங்கினா, இன்னிக்கு எனக்குப் பூசணிக்கா நறுக்குறா" என்றார். நாற்காலி வரிசை முழுக்கச் சிரித்தது. அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீதான அந்தக் கடை. நீயே சொல்லு." டீச்சரும் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை போதும். ஆமாம், அக்காதான். சொன்னால் நான் இத்தனை நாள் சொன்னது பொய் என்று ஆகும். நானும் லயத்துப் பையன் என்று அத்தனை பேருக்கும் தெரிந்துபோகும்.

"மெட்ராஸ் கேசட்தான் டீச்சர்" என்றேன்.

அக்கா கொஞ்ச நேரம் ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார். அதில் அவர் குரல் பாடிக்கொண்டேயிருந்தது. பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "அப்ப என் காதுதான் கெட்டுப்போச்சு போல" என்று சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த மாதம் டிரெஸ்ஸர் அண்ணன் கடைக்கு வந்து கேசட்டைப் போடச் சொன்னார். இரண்டு நிமிடம் வெறும் இரைச்சல். "மிஷின் தின்னுடுச்சா?" என்று கேட்டார். ஆமாண்ணே என்றேன். கேசட்டை வெளியே எடுத்து அதன் முதுகைத் தடவிப் பார்த்தார். என் மேசைமேலேயே வைத்துவிட்டுப் போனார். பிறகு அவர் கடைக்கு வரவில்லை. தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள், ஆட்கள் திசைக்கொருவராகப் போனார்கள், அவர் இறந்த செய்தியைக்கூட யாரோ சொல்லித்தான் அறிந்தேன்.

சாப்பாட்டு மேசையில் நடந்த பேச்சுக்குச் சில நாள் கழித்து அந்தக் கேசட்டை மகளிடம் கொடுத்தேன். அவள் கணினியில் ஏற்றிக் கேட்டுவிட்டு, "இவ்வளவு நல்ல பாட்டை எல்லாரும் எடுத்துக்கிற மாதிரி போடலாம்பா. யாரு பாடுனது? அவங்களைக் கேக்கணுமே" என்றாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அக்கா எங்கே இருக்கிறார் என்று மட்டும் கேட்டாள். விசாரிக்க ஒரு வாரம்தான் ஆனது. முப்பது வருஷத்துக்கு மேலாக நான் செலவழிக்காத அந்த ஒரு வாரம்.

அக்கா ஆயர் தாவார் என்ற ஊரில் மகன் வீட்டில் இருந்தார். என்னைத் தெரிந்தது. உட்காரச் சொன்னார், சாயா கொடுக்கச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தபோது, "குடி, ஆறிடும்" என்றார். மகள் கைப்பேசியில் பாட்டைப் போட்டாள். உள்ளேயிருந்து அவர் மகன் வந்து வாசலில் நின்று கேட்டார்.

"யாரு ஆன்ட்டி இது? நல்லா இருக்கே" என்று எட்டிப் பார்த்தாள் பக்கத்து வீட்டுப் பெண்.

"இவங்கதான்" என்றாள் என் மகள்.

மகன் சிரித்தேவிட்டார். "எங்கம்மாவா? எங்கம்மா பாடி நான் கேட்டதே இல்லையே. என் பிள்ளைங்களுக்கு ஒரு தாலாட்டுகூடப் பாடுனதில்ல." பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது. எனக்கு அந்த வீட்டில் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நான் அழித்தது இரண்டு நிமிடம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

பாட்டு முடிந்ததும் அக்கா என் மகளைப் பக்கத்தில் கூப்பிட்டார். தபேலா, புல்புல்தாரா, ஆர்மோனியம் என்று ஒவ்வொருவர் பெயரையும் தகப்பன் பெயரோடு சொன்னார். கடைசியில் தன் பெயரைச் சொன்னார். "எல்லாரும் சும்மா எடுத்துக்கட்டும். அண்ணன் சொன்னதுதான். பேரு இருக்கணும்." கிளம்பும்போது, அப்பா இதைப் பற்றி எழுதப்போகிறார் என்று மகள் சொன்னதும், முதல்முறையாக என்னை நேராகப் பார்த்துவிட்டு, அவளிடம்தான் பதில் சொன்னார்.

"உங்கப்பா எழுதுறதுல என் பேரு வேணாம்மா. பாட்டுல மட்டும் போடு."

அதனால் இங்கே நான் யார் பெயரையும் எழுதவில்லை. ஏழு பாட்டும் என் மகளின் பக்கத்தில் இருக்கின்றன. கட்டணம் இல்லை, தடை இல்லை. இறக்கிக்கொள்ளுங்கள், வேண்டியவருக்குக் கொடுங்கள். பாட்டு தொடங்குமுன் என் மகளின் குரல் இரண்டு நிமிடம் பெயர்களைச் சொல்லும். தயவுசெய்து அதைத் தாண்டிப் போகாதீர்கள்.