மலருக்கு எந்தப் பள்ளிக்கூடம்?

எங்கள் தெருவில் அன்றைக்கு மெதுவாகப் பேசத் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. ராஜபாளையத்தில் மில்காரர்கள் குடியிருந்த தெரு அது. நாளெல்லாம் இயந்திர இரைச்சலுக்குள் நின்றுவிட்டுத் தலைமயிரில் பஞ்சு ஒட்டியிருக்க வீடு திரும்புகிறவர்கள், பக்கத்து வீட்டில் கொஞ்சம் உப்புக் கேட்பதைக்கூட ஊர்க்கூட்டத்தில் பேசுவதுபோலத்தான் கேட்பார்கள். மில்லுக்குள் கத்தினாலும் கேட்காது என்பதால் உதட்டாலும் கையாலும் பேசிப் பழகியவர்கள் என் அப்பாவும் அம்மாவும். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கட்டைவிரல் வாய்ப்பக்கம் போனால் தண்ணீர், ஐந்து விரலும் குவிந்தால் சோறு, வேறு என்ன கேட்பதானாலும் பாதிக்கு மேல் புருவமே கேட்டுவிடும்.

இப்படிப்பட்ட வீட்டில் என் தங்கை மலருக்குக் காது கேட்கவில்லை என்பது ஏழு வயதுவரை யாருக்கும் தெரியாமல் போனதில் அதிசயம் ஒன்றுமில்லை. சொன்ன வேலையைச் செய்தாள், கேலி செய்தால் சிரித்தாள். நாலைந்து சொல்தான் வாயில் வரும், அதுவும் குழறும். அப்பாவைப் போல அழுத்தக்காரி என்று விட்டுவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ‘மண்டு’ என்று பேர். அவள் ஒன்றாம் வகுப்பு, நான் இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்புவரை ஒரே கூடம், ஒரே டீச்சர். பெயர் கூப்பிடும்போது வாய் திறக்காமல் அவள் அடி வாங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல், அவளுக்கும் சேர்த்து நானே “உள்ளேன் டீச்சர்” சொல்லிவிடுவேன். பதிவேட்டை விட்டுத் தலை நிமிராத டீச்சருக்கு எந்தக் குரலானாலும் ஒன்றுதான். பெரிய உபகாரம் செய்கிற நினைப்பு எனக்கு. அதனாலேயே ஒரு வருஷம் வீணாகப் போயிற்று என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனசு குறுகுறுக்கிறது.

அடுத்த வருஷம் வந்த புது டீச்சர் முகத்தைப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிறவர். இரண்டே நாளில் என்னைப் பிடித்துவிட்டார். திட்டவில்லை. மலருக்குப் பின்னால் போய் நின்று பலமாகக் கைதட்டினார். அவள் திரும்பவில்லை. அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து, “புள்ளைக்குக் காது கேக்கலை” என்றார்.

“எங்க வீட்டுல யாருக்குத்தான் டீச்சர் காது கேக்கு?” என்று அம்மா சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அம்மாவுக்கு அழுகை வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு இருப்பதாக டீச்சர் சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் சண்டை ஆரம்பித்தது. “அங்க விட்டா ஊமைப் புள்ளைன்னு பேராயிரும். பொறவு ஆயுசுக்கும் அதான்” என்பாள் அம்மா. “இங்க மண்டுங்காக. அது மட்டும் நல்ல பேராக்கும்?” என்பார் அப்பா. நான் அம்மா கட்சி. மலர் போய்விட்டால் எனக்குப் பக்கத்தில் உட்கார ஆள் ஏது? கடைசியில் இரண்டு வருஷம் அங்கே, பிறகு இங்கே என்று முடிவாயிற்று. காலையில் அம்மா பஸ்ஸில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, மத்தியானம் இரண்டாம் ஷிப்டுக்கு ஓடுவாள். முதல் ஷிப்டு முடிந்து அப்பா போய்க் கூட்டிவருவார்.

அங்கே எட்டுப் பிள்ளைகள் அரை வட்டமாக உட்கார, டீச்சர் நடுவில் இருந்து பேசுவாராம். அவர் தொண்டையில் கைவைத்து, அந்த அதிர்வைத் தன் தொண்டையில் தேடிப் பிடிக்க வேண்டும். அதே பாடத்தை மலர் வீட்டிலும் நடத்தினாள். தெருவில் அவள் கை வைக்காத கழுத்து இல்லை. அப்பா மட்டும் கூச்சம் தாங்காமல் நெளிந்துகொண்டே “அம்மா… அம்மா…” என்று பாடம் சொல்லிக்கொடுப்பார்.

இரண்டு வருஷம் முடிந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துப் பாவாடை சட்டை தைத்தாயிற்று. பள்ளி திறக்கிற அன்று மலர் முழங்காலுக்கு ஏறிவிட்ட பழைய கட்டம்போட்ட யூனிபாரத்தோடு வாசலில் வந்து நின்றாள்.

“ஏட்டி, எதைப் போட்டுட்டு நிக்கே? போய் மாத்து” என்று அம்மா அதட்டினாள்.

மலர் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். “அங்க… எல்லாரும்… என்னப் பாத்துப் பேசுதாக. இங்க… முதுகு. நான் அங்கதான் போவேன்.”

அவள் வாயிலிருந்து முழுசாக வந்த முதல் பேச்சே அம்மாவை எதிர்த்துத்தான். அம்மா அதட்டுவதா, கொண்டாடுவதா என்று தெரியாமல் நின்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு அவளைப் பஸ்ஸுக்குக் கூட்டிப்போனாள். எனக்குத்தான் ஆத்திரம். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பள்ளிக்கூடத்துக் கதை சொல்கிற அவசரத்தில் அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

மலர் இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே தையல் கடை வைத்து நன்றாக இருக்கிறாள். அந்தத் தனி வகுப்பு இன்று இல்லை. பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளியிலேயே சேர்க்கிறார்கள், வாரத்தில் இரண்டு நாள் சிறப்பு டீச்சர் வந்துபோகிறார். போன மாதம் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண், காது சரியாகக் கேட்காத தன் மகளை இங்கே சேர்ப்பதா, வெளியூரில் தனிப் பள்ளிக்கு அனுப்புவதா என்று என்னிடம் யோசனை கேட்டாள். பிள்ளையிடம் கேட்டாயா என்றேன்.

“அதுக்கு என்னக்கா தெரியும், சின்னப் புள்ள” என்றாள்.

நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.