கட்டம் போட்ட போதமலை

கைப்பேசியில் ஒரு படத்தைப் பெரிதாக்கி அது சதுரங்களாக உடையும்போதெல்லாம், போஸ்டர் கலரும் ஈரத்துணியும் மணக்கும் எங்கள் ராசிபுரத்துப் பள்ளியின் ஓவிய அறை எனக்குள் திறந்துகொள்ளும். மலை வரையச் சொன்னால் நாங்களெல்லாம் வளைகோடு இழுப்போம். தறி ஓடும் வீட்டுச் செல்வி மட்டும், அவள் அப்பா சேலை டிசைனுக்குப் போடுவதுபோல, கட்டம் கட்டமாக வண்ணம் நிரப்புவாள்.

“மலைக்கு ஏது படிக்கட்டு, சாமி?” என்று ஒருநாள் அவள் படத்தைப் பார்த்து ஓவிய ஆசிரியர் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

“சேலையில வளைவு இப்பிடித்தானுங்க வரும். கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க” என்றாள் செல்வி.

அவர் பின்னால் நகர்ந்தார், நாங்களும் நகர்ந்தோம். முதுகு சுவரைத் தொட்டபோது படிகள் கரைந்து, எங்கள் ஊர்ப் போதமலை எழுந்து நின்றது. அவர் பேனாவை மூடினார்.

அந்த அறை இப்போது கம்ப்யூட்டர் லேப். அங்கே திரையில் தெரிகிற எல்லா மலையும் செல்வியின் மலைதான்.