முடி கொடுத்த மறுநாள்

வேன் என் பெயரில் இருக்கிறது. பெரிய கம்பெனி ஒன்றின் பார்சல்களை அரக்கோணம் குடோனில் ஏற்றிக்கொண்டு, திருத்தணியிலும் பள்ளிப்பட்டுப் பக்கத்திலும் வீடுவீடாகக் கொடுக்கும் ஒப்பந்தமும் என் பெயரில்தான். ஓட்டுவது என் மகன். ஒப்பந்தம் போட்ட அன்று அவர்கள் விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். அவர்கள் நினைத்த நேரத்தில் எங்களை விலக்கலாம், நாங்கள் மட்டும் முன்கூட்டிச் சொல்லாமல் விலகக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது.

மகன் காய்ச்சலில் கிடந்தபோது நான் வேண்டிக்கொண்டிருந்தேன். அதனால் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறி மொட்டை போட்டுக்கொண்டான். மீசையும் போனது. மறுநாள் காலை குடோனில் போனை முகத்துக்கு நேரே பிடித்தான். தினமும் அப்படி முகம் காட்டினால்தான் அன்றைய பார்சல் வரும். அன்று போன் அவனை ஏற்கவில்லை. நான்கு தரம் காட்டியதும் பூட்டிக்கொண்டது. வேறு ஆள் ஓட்டுகிறான் என்று அதுவே முடிவு செய்துவிட்டது.

இரண்டு நாள் வேன் வீட்டிலேயே நின்றது. மூன்றாம் நாள் குடோன் மேனேஜர் கூப்பிட்டார். மகனோடு நானும் போனேன்.

“ஆள் மாத்தி ஓட்னதா ரிப்போர்ட் வந்துகீதும்மா. தப்பு உங்களுதுதான்னு இதுல சைன் போட்டுடுங்க. இல்லாங்காட்டி பள்ளிப்பட்டு லைன வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க.”

“யாரு குடுப்பாங்க?”

“மேல இருக்கறவங்க.”

“மேலன்னா மலை மேலயா? அங்க இருக்கறவருக்கு நாங்க முடி குடுத்தது தெரியுமே.”

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்துவிட்டார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. காகிதம் இங்கிலீஷில் இருந்தது. தமிழில் சொல்லச் சொன்னேன். ஆள்மாறாட்டம் செய்தோம் என்று இருந்ததாம். இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். பிறகு மகன் தலையில் இருந்த துண்டை இழுத்தேன்.

“தினம் பாக்கறியே தம்பி, இவன் யாரு?”

“உங்க புள்ளதாம்மா.”

“அத எழுதிக் குடு.”

“என்னால முடியாதும்மா. சிஸ்டம் ஒத்துக்காது.”

“கண்ணால பாத்தத உன்னால எழுத முடியல. செய்யாதத நான் எழுதிக் குடுக்கணுமா?”

மகன் என் காதருகே குனிந்தான். “போட்டுட்டு வாம்மா. பள்ளிப்பட்டு போச்சுன்னா பாதி வேலை போச்சு.”

அவன் சொன்னது சரிதான். ஆனால் இன்று போட்டால், நாளைக்கு மொத்த ஒப்பந்தத்தையும் பிடுங்க அந்தக் காகிதத்தையே நீட்டுவார்கள். என் பிள்ளை ஏமாற்றுக்காரன் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்ததாகவும் ஆகும். போட முடியாது என்றேன். பெஞ்சில் உட்கார்ந்தேன்.

திருவிழாப் பார்சல்கள் கொண்டுபோக ஆள் இல்லாமல் கூரை தொடக் குவிந்து கிடந்தன. சாயங்காலம் அவர்களே மகனைப் புதிதாகப் படம் பிடித்துப் போனைத் திறந்துவிட்டார்கள். அந்த வாரமே பள்ளிப்பட்டை எடுத்துக்கொண்டார்கள். காரணம் சொல்லவில்லை.

“பள்ளிப்பட்டு போனது போனதுதானாம்மா?” என்று மகன் கேட்டான்.

“நாம கேக்காம உட்டாத்தான்டா போகும்.”

திங்கட்கிழமை அதைக் கேட்க இருவருமாக மறுபடி அரக்கோணம் போகிறோம்.